உடல்நலத் தகவலும் சமூக ஊடக விளம்பரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய், கர்ப்பம், தூக்கமின்மை, முடி உதிர்வு என்று எதையாவது தேடிவிட்டு இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அதே விஷயத்தில் விளம்பரம் வந்து நிற்கிறது. "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே வழக்குகள் நடந்ததால்தான் உள்ளே நடந்தது ஆவணங்களாக வெளியே வந்தது. தொழில்நுட்பம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

நான் என் உடம்பைப் பத்தி ஒரு வரி கூட போஸ்ட் போட்டதில்ல. அப்புறம் எப்படி ஃபேஸ்புக்குக்குத் தெரியுது?

நீங்கள் போன மற்ற இடங்கள் சொல்லியிருக்கும். மருந்து விற்கும் தளம், மருத்துவரிடம் நேரம் பதிவு செய்யும் பக்கம், உடற்பயிற்சி ஆப், மனநல ஆலோசனை ஆப் என்று பலவும் மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப்பை நடத்தும் நிறுவனம்), கூகுள், டிக்டாக், ஸ்நாப்சாட் போன்ற நிறுவனங்கள் தரும் சிறு நிரல்களைத் தங்களுக்குள் பொருத்தி வைத்திருக்கின்றன. தாங்கள் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் வாங்கினார்கள் என்று அறிவது அவர்கள் தேவை. அதற்கு விலையாக, நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள், எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பது விளம்பர நிறுவனத்துக்குப் போகிறது.

ஆக, எதைப் போஸ்ட் போடுகிறோம் என்பதில் மட்டும் ஜாக்கிரதையாக இருப்பவர்கள் முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்தவர்கள்தான். இந்த விஷயத்தில் நடமாட்டம் பெரும்பாலும் பின்வாசலில்தான்.

பிக்சல் பிக்சல்னு சொல்றாங்களே, அது என்ன?

வலைப்பக்கத்தில் பொருத்தப்படும் சில வரி நிரல். முன்பு ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படத்தை வைத்து இதைச் செய்தார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பக்கம் திறந்ததும் அந்த நிரல் ஓடி, பக்கத்தின் முகவரி, உங்கள் ஐ.பி. முகவரி (உங்கள் இணைய இணைப்பின் எண்), பிரவுசர் விவரம், குக்கியில் (தளங்கள் உங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் சிறு கோப்பு) உள்ள எண் ஆகியவற்றை அனுப்பும். அதே பிரவுசரில் நீங்கள் ஃபேஸ்புக்கில் நுழைந்திருந்தால் அந்த எண் உங்கள் கணக்கோடு பொருந்திவிடும்.

பக்கத்தின் முகவரி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் சிக்கலே அதில்தான் இருக்கிறது. பல தளங்களில் முகவரியிலேயே நோயின் பெயரும், நீங்கள் தேடிய சொல்லும், மருத்துவரின் பெயரும் இருக்கும். சில அமைப்புகளில், படிவத்தில் நீங்கள் நிரப்பும் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் கூட பிக்சல் தானாக எடுத்துக்கொள்ளும். ஆப்களில் இதே வேலையைச் செய்யும் நிரல் தொகுப்புக்கு எஸ்.டி.கே. என்று பெயர்.

இதெல்லாம் இருக்கட்டும். போன் மைக்ல ஒட்டுக்கேக்கறாங்கதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. 2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கை இயக்கிப் பேச்சை அனுப்பிய ஆப் ஒன்றும் சிக்கவில்லை. திரையில் நடப்பதைப் பதிவு செய்து வெளியே அனுப்பிய ஆப்கள் சில சிக்கின.

பேசியது அப்படியே விளம்பரமாக வருவதுபோல் தோன்றுவதற்கு வேறு காரணங்கள் போதும். ஒரே வீட்டு வைஃபையில் இருப்பவர்கள் வெளியே ஒரே ஐ.பி. முகவரியோடுதான் தெரிவார்கள். நீங்கள் மூட்டுவலியைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டு உங்கள் மகள் கூகுளில் தேடியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், மைக் தேவைப்படாத அளவுக்கு மற்ற வழிகள் நன்றாகவே வேலை செய்கின்றன.

என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டே அவங்ககிட்ட போயிடுமா?

பொதுவாக இல்லை. விளம்பரக்காரருக்கு உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எண் தேவையில்லை. தைராய்டு மாத்திரையின் விலையைப் பார்த்தீர்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தீர்கள் என்பது தெரிந்தால் அவருக்குப் போதும். உடல்நலத் தகவல் என்றதும் நம் மனதில் மருத்துவக் கோப்புதான் வருகிறது. விளம்பர உலகில் அது உங்கள் நடத்தையின் தடம். கருத்தரிப்பு மையத்தின் பக்கம், குடிப்பழக்கத்துக்கான சுயபரிசோதனை வினாத்தாள், டயாலிசிஸ் மையத்தில் வாரம் மூன்று முறை பதிவாகும் லொகேஷன் எல்லாமே உங்களைப் பற்றிச் சொல்லிவிடும்.

ஊகம் தவறாகவும் போகும். அம்மாவுக்காகப் புற்றுநோய் மருந்தைத் தேடினால் நோயாளி நீங்கள்தான் என்று பதிவாகலாம்.

மாதவிடாய் ஆப்ல தேதி போட்டு வைக்கிறேன். அது யாருக்குப் போகும்?

ஆப்பைப் பொறுத்தது. ஃப்ளோ என்ற ஆப்பின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. உலகெங்கும் 10 கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய ஆப் அது. உடல்நல விவரங்களை ரகசியமாக வைப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தது. ஆனால் பயனர் கர்ப்பம் பற்றி உள்ளிட்டதும், அதை வெளிப்படையாகச் சொல்லும் பெயரிலேயே ஒரு நிகழ்வுக் குறிப்பு ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களுக்குப் போனது. 2019 பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை வெளியிட்ட பிறகுதான் நின்றது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2021-ல் ஃப்ளோவோடு ஒரு தீர்வுக்கு வந்தது. இனி அனுமதி கேட்காமல் உடல்நலத் தகவலைப் பகிரக்கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை.

2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தின் ஜூரி, இதே விவகாரத்தில் மெட்டாவும் கலிபோர்னியாவின் அந்தரங்கச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. அது ஒட்டுக்கேட்பதைத் தடுக்க 1967-ல் வந்த சட்டம். மைக் பற்றிக் கேட்டவர்கள் இதைக் கவனிக்கலாம்: மைக் இல்லாமலேயே ஒட்டுக்கேட்ட குற்றம்.

ஆப்காரங்க பண்ணுவாங்க, சரி. ஆஸ்பத்திரி வெப்சைட்டுமா?

ஆமாம். தி மார்க்கப் என்ற செய்தி நிறுவனம் 2022 ஜூனில் அமெரிக்காவின் முன்னணி 100 மருத்துவமனைகளின் தளங்களைச் சோதித்தது. 33-ல் மெட்டா பிக்சல் இருந்தது. மருத்துவரிடம் நேரம் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தியதும் ஃபேஸ்புக்குக்குத் தகவல் பறந்தது. கடவுச்சொல் போட்டு நுழையும் நோயாளிப் பக்கங்களுக்குள்ளேயும் சில இடங்களில் பிக்சல் இருந்தது. அதன் பிறகு மருத்துவமனைக் குழுமங்கள் ஒவ்வொன்றாக நோயாளிகளுக்குக் கடிதம் அனுப்பின. 2024-ல் கைசர் பெர்மனென்ட்டே அறிவித்ததில் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 1.34 கோடி பேர்.

மருத்துவமனைகள் நோயாளிகளை விற்கத் திட்டமிட்டன என்று நான் நினைக்கவில்லை. எத்தனை பேர் தளத்துக்கு வந்தார்கள் என்று எண்ணுவதற்காக யாரோ ஒருவர் பிக்சலைப் போட்டிருப்பார். அது எதையெல்லாம் அனுப்புகிறது என்று யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். சதியைவிட இந்த அலட்சியம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் இது எங்கேயும் நடக்கும்.

மின்னஞ்சலை ஹாஷ் பண்ணித்தான் அனுப்புறோம், யாருன்னு தெரியாதுன்னு பாலிசியில போட்டிருக்கே?

ஹாஷ் என்பது மின்னஞ்சல் முகவரியைப் புரியாத எழுத்துச் சரமாக மாற்றும் கணக்கு. ஒரே முகவரியை எங்கே கொடுத்தாலும் ஒரே சரம்தான் வரும். மெட்டாவிடம் உங்கள் மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களும் அதே கணக்கைப் போட்டு, வந்த சரத்தோடு ஒப்பிடுவார்கள். பொருந்தினால் ஆள் நீங்கள்தான். வழியில் யாராவது திருடினால் உடனே படிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பெறுபவருக்கு நீங்கள் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அனுப்புவதே.

பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் மனநல ஆலோசனை நிறுவனம் செய்தது இதுதான். வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டுப்படி, 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் முகவரிகள் ஃபேஸ்புக்குக்கு ஏற்றப்பட்டன. 40 லட்சத்துக்கும் மேல் கணக்குகளோடு பொருந்தின. அந்தப் பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பதே அவர் மனநல ஆலோசனையை நாடியவர் என்று சொல்லிவிடும். வேறு எந்த விவரமும் தேவையில்லை. 2023-ல் அந்த நிறுவனம் 78 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

பட்டியலை ஏத்தி என்ன பண்ணுவாங்க?

இரண்டு வேலைகள். ஒன்று, அதே ஆட்களைத் தேடிப்பிடித்து மறுபடி விளம்பரம் காட்டுவது. மற்றொன்று, "இவர்களைப் போன்றவர்களைக் கண்டுபிடித்துக் கொடு" என்று மெட்டாவிடம் கேட்பது. இதை லுக்அலைக் ஆடியன்ஸ் என்பார்கள். இரண்டாவதில்தான் நீங்கள் எங்கும் எதையும் பதியாமலேயே மாட்டுகிறீர்கள்: அந்தப் பட்டியலில் உள்ளவர்களைப் போலவே நடந்துகொள்கிறீர்கள் என்று கணினி முடிவு செய்கிறது, அவ்வளவுதான்.

மருந்துத் தள்ளுபடிக் கூப்பன் தரும் குட்ஆர்எக்ஸ் 2019-ல் இதய நோய், ரத்த அழுத்த மருந்துகளை வாங்கியவர்களின் பட்டியலைத் தயாரித்து ஃபேஸ்புக்கில் ஏற்றியது. அதில் மின்னஞ்சல், தொலைபேசி எண், போனின் விளம்பர அடையாள எண் எல்லாம் இருந்தன. 2023-ல் 15 லட்சம் டாலர் அபராதம்.

எனக்கு ஃபேஸ்புக் அக்கவுண்ட்டே கிடையாது. நான் தப்பிச்சேன்தானே?

பாதி. பிக்சல் ஓடும்போது உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எல்லோருடைய தகவலையும்தான் அனுப்பும். கணக்கு இல்லாதவர்களின் தரவும் சேகரிக்கப்படுகிறது என்பதை மார்க் ஜுக்கர்பெர்க் 2018 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு ஒப்புக்கொண்டார். பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார். சுயவிவரத்தோடு பொருத்த முடியாது என்ற அளவில் உங்களுக்கு நிம்மதி. இன்ஸ்டாகிராமும் அதே நிறுவனம்தான் என்பதை மறந்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்பவர்களும் உண்டு.

மெட்டா நோய் சம்பந்தமான விளம்பரத்தையே 2022-ல நிறுத்திட்டதா படிச்சேனே?

நிறுத்தியது ஒரு பகுதியை. நுரையீரல் புற்றுநோய் விழிப்புணர்வு, உலக நீரிழிவு நாள், கீமோதெரபி போன்ற தலைப்புகளில் ஆர்வம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி 2022 ஜனவரியில் நீக்கப்பட்டது. பட்டியலை ஏற்றுவதும் லுக்அலைக்கும் அப்படியே இருந்தன. உடல்நலத் தகவலை அனுப்பக்கூடாது என்று மெட்டாவின் விதிகளிலேயே உள்ளது. அப்படி வந்தால் வடிகட்டும் மென்பொருளும் உண்டு. ஆனால் மேலே சொன்ன மருத்துவமனை விவகாரம் அந்த விதியும் வடிகட்டியும் இருந்த காலத்தில் நடந்ததுதான்.

2025 தொடக்கத்தில் இன்னொரு மாற்றம் வந்தது. உடல்நலம் சார்ந்த தளங்கள் வாங்கியது, பதிவு செய்தது போன்ற நிகழ்வுகளை விளம்பரத்துக்காக அனுப்புவதற்குக் கட்டுப்பாடு. நல்லதுதான். எந்தத் தளம் அந்த வகையில் வரும் என்பதை முடிவு செய்வதும் மெட்டாதான்.

நோயாளிகளுக்கான மூடிய குழுவில இருக்கேன். அங்க பேசறது வெளிய போகாதே?

மூடிய குழு என்றால் மற்ற பயனர்களுக்கு மூடியது. நிறுவனத்துக்கு மூடியது கிடையாது. 2018-ல் இன்னொன்றும் தெரியவந்தது: மார்பகப் புற்றுநோய் அபாயம் தரும் மரபணு மாற்றம் உள்ள பெண்களின் ஒரு மூடிய குழுவில், உறுப்பினர் அல்லாதவர்களும் உறுப்பினர் பட்டியலைப் பார்க்க முடிந்தது. ஃபேஸ்புக் பிறகு அதை மாற்றியது. ஆறுதல் தரும் குழுவை விட்டு வெளியேறச் சொல்லி நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அங்கே இருந்து வேறு தளங்களுக்குப் போகும் இணைப்புகளை அழுத்தும்போது யோசியுங்கள். அழுத்தியதும் அந்தத் தளத்தில் பிக்சல் இருந்தால் கதை முதல் பதிலுக்குத் திரும்பிவிடும்.

வாட்ஸ்ஆப்ல டாக்டர்கிட்ட பேசினா? ஏ.ஐ. சாட்ல அறிகுறி கேட்டா?

வாட்ஸ்ஆப்பில் இரண்டு தனிநபர்கள் பேசுவது முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டது. உள்ளடக்கத்தை மெட்டா படிக்க முடியாது. யாரோடு, எப்போது தொடர்பு என்பது தெரியும். மருத்துவமனையின் பிசினஸ் கணக்கோடு பேசினால், அந்தச் செய்தியை அவர்கள் எங்கே சேமிக்கிறார்கள், யாரிடம் கொடுக்கிறார்கள் என்பது அவர்கள் கையில்.

ஏ.ஐ. உரையாடல் வேறு. மெட்டா ஏ.ஐ.யோடு பேசுவதை விளம்பரத்தைத் தீர்மானிக்கப் பயன்படுத்துவோம் என்று 2025 அக்டோபரில் அறிவித்து, டிசம்பர் 16 முதல் பல நாடுகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உடல்நலம், மதம், அரசியல் போன்ற தலைப்புகளைப் பயன்படுத்த மாட்டோம் என்கிறார்கள். ஆனால் உடல்நலப் பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? "இனிப்பு இல்லாத பிஸ்கட் எது நல்லது?" என்பது உணவா, நோயா?

ஸ்மார்ட் வாட்ச்ல இதயத்துடிப்பெல்லாம் பதிவாகுதே?

இது ஒப்பீட்டளவில் பரவாயில்லை. ஆப்பிளின் ஹெல்த் ஆப்பிலிருந்து பெறும் தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஆப்களுக்கு அனுமதி இல்லை. கூகுள் ஃபிட்பிட்டை வாங்கியபோது, ஐரோப்பியப் பயனர்களின் உடல்நலத் தரவை 10 ஆண்டுகளுக்கு விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று ஐரோப்பிய ஆணையத்திடம் வாக்குக் கொடுத்தது. வாட்ச்சோடு நீங்கள் இணைக்கும் மூன்றாம் தரப்பு ஆப்களைத்தான் கவனிக்க வேண்டும்.

விளம்பரம்தானே? பார்க்காம விட்டா போச்சு. இதுல என்ன நஷ்டம்?

கரு கலைந்த பிறகும் மாதக்கணக்கில் குழந்தைத் தொட்டில் விளம்பரம் வந்தால் எப்படி இருக்கும் என்று பாதிக்கப்பட்டவரிடம் கேளுங்கள். குடியை விட முயல்பவருக்கு மது விளம்பரமும், உணவுப் பிரச்சினை உள்ளவருக்கு எடைக்குறைப்பு விளம்பரமும், பயந்து போயிருக்கும் நோயாளிக்குப் போலி மருந்து விளம்பரமும் குறிபார்த்து வருவது சின்ன விஷயம் இல்லை.

நீங்கள் அழுத்தும்போது இன்னொன்றும் நடக்கிறது. குறிப்பிட்ட நோயாளிகளுக்கென்று ஒருவர் விளம்பரம் கொடுத்திருக்கிறார் என்று வையுங்கள். அதை அழுத்தி அவர் தளத்துக்குப் போனீர்கள் என்றால், மெட்டா எதுவும் சொல்லாமலேயே நீங்கள் எந்த வகை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அங்கிருந்து அது எங்கே போகும்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், 11 தரவுத் தரகர்கள் மக்களின் மனநலத் தகவலை விற்க முன்வந்தார்கள்.

இதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லையா?

இடத்துக்கு இடம் வேறு. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். உடல்நலத் தரவைத் தனிப்பாதுகாப்புள்ள வகையாக வைக்கிறது. 2022-ல் ஐரோப்பிய நீதிமன்றம், ஊகித்து அறியக்கூடிய விவரமும் அந்தப் பாதுகாப்பில் அடங்கும் என்றது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த தீர்ப்பு இது, ஏனென்றால் முன்பு சொன்னதுபோல் எல்லாமே ஊகத்தில்தான் நடக்கிறது.

அமெரிக்காவில் நோயாளிகளின் தகவலைப் பாதுகாக்கும் 1996-ன் ஹிப்பா சட்டம் மருத்துவமனைகளையும் காப்பீட்டாளர்களையும் கட்டுப்படுத்தும். நீங்களே இறக்கிக்கொண்ட பெரும்பாலான ஆப்களைக் கட்டுப்படுத்தாது. அந்த ஓட்டையை அடைக்க வாஷிங்டன் மாநிலம் தனிச்சட்டம் இயற்றியது. 2024 மார்ச் 31 முதல் அதன் முக்கியப் பகுதிகள் அமலில் உள்ளன. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை மற்றவற்றிலிருந்து பிரிக்காமல் ஒரே தட்டில் வைக்கிறது.

இன்காக்னிட்டோவில தேடினா போதும்னு சொல்றாங்களே?

அது உங்கள் போனில் வரலாறு பதியாமல் தடுக்கும். ஐ.பி. முகவரியை மறைக்காது. 2025 ஜூனில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இன்னும் மோசம்: ஆண்ட்ராய்டு போன்களில் பிரவுசரில் ஓடிய மெட்டா பிக்சல், அதே போனில் இருந்த ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்களோடு போனுக்குள்ளேயே பேசிக்கொண்டது. இன்காக்னிட்டோ, குக்கியை அழிப்பது எதுவும் அதைத் தடுக்கவில்லை. விஷயம் வெளியான அன்றே மெட்டா நிறுத்தியது.

சரி, நான் என்னதான் பண்ணணும்?

முதலில் மெட்டாவின் அக்கவுண்ட்ஸ் சென்டருக்குப் போய், மெட்டாவுக்கு வெளியே உங்கள் செயல்பாடு என்ற பகுதியைத் திறங்கள். எந்தெந்தத் தளமும் ஆப்பும் உங்களைப் பற்றித் தகவல் அனுப்பின என்ற பட்டியல் இருக்கும். மற்ற எதையும் செய்யாவிட்டாலும் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். பழையதை நீக்கவும் இனி இணைக்காமல் இருக்கவும் அங்கேயே வசதி உண்டு. துண்டித்தாலும் தகவல் வருவது நிற்காது. உங்கள் கணக்கோடு ஒட்டாது. டிக்டாக்கிலும் இதுபோல ஒரு பகுதி உள்ளது.

அப்புறம் போன். ஐபோனில் டிராக்கிங் அனுமதியை மொத்தமாக அணைத்துவிடலாம். ஆண்ட்ராய்டில் கூகுள் செட்டிங்ஸில் விளம்பரங்கள் பகுதிக்குப் போய் விளம்பர அடையாள எண்ணை நீக்கலாம். உடல்நல விஷயங்களுக்குத் தனி பிரவுசர் வைத்து, அதில் டிராக்கர் தடுப்பானைப் போட்டு, எந்தச் சமூக ஊடகத்திலும் நுழையாமல் பயன்படுத்துங்கள். உடல்நல ஆப்களில் ஃபேஸ்புக் கணக்கு வழியாக நுழையாதீர்கள். அதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்தால், ஹாஷ் பொருத்தும் வேலையே தடுமாறும்.

தடுப்பானால் முடியாத ஒன்றும் உண்டு. தளத்தின் சர்வரிலிருந்து நேராக மெட்டாவின் சர்வருக்குத் தகவல் அனுப்பும் வழி இப்போது பரவலாக இருக்கிறது. அது உங்கள் பிரவுசருக்குத் தெரியாமலேயே நடக்கும். அங்கே உதவுவது அந்தத் தனி மின்னஞ்சல் ஒன்றுதான்.

நானே சின்னதா ஒரு பிசியோதெரபி கிளினிக் நடத்தறேன். விளம்பரம் கொடுக்கணும். பிக்சல் போடலாமா?

முகப்புப் பக்கத்தில் போடுவதற்கும் நேரம் பதிவு செய்யும் பக்கத்தில் போடுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் இதே எல்லைக்கோடு நீதிமன்றம் வரை போனது. பொதுப் பக்கங்களையும் ஹிப்பாவுக்குள் கொண்டுவர அரசு முயன்றதை 2024 ஜூனில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. நோயாளி நுழையும் பக்கங்களைப் பற்றிய கட்டுப்பாடு அப்படியே நிற்கிறது.

என் கருத்து: பதிவுப் படிவம், கட்டணம், நோயின் பெயருள்ள பக்கங்கள் எதிலும் போடாதீர்கள். நோயாளிகளின் தொலைபேசி எண்களை விளம்பரப் பட்டியலாக ஏற்றாதீர்கள். மார்க்கெட்டிங் பார்ப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். தளத்தை வேறொருவர் செய்து கொடுத்திருந்தால், உள்ளே ஏற்கெனவே பிக்சல் இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். பலருக்கு இருப்பதே தெரியாது.